ஐஸ் பெட்டியில் வைத்த ஆயுதம்

என் கணவரின் ஊரான மல்லசமுத்திரத்தில் யாரைக் கேட்டாலும் நான் பெங்களூரில் ஃப்ரிட்ஜ் வேலை பார்க்கிறேன் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பெயரை எனக்கு வாங்கித் தந்தவர் என் மாமியார். கல்யாணமான புதிதில் அவர் எப்போது போன் செய்தாலும், "ஃப்ரிட்ஜ் கிட்ட இருக்கேன் அத்தை", "ஃப்ரிட்ஜ் இன்னிக்குத்தான் குளிர ஆரம்பிச்சிருக்கு", "ஃப்ரிட்ஜுல லீக்கு அத்தை, அப்புறம் பேசறேன்" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் என்ன செய்வார் பாவம். கேட்டவர்களிடமெல்லாம், "என்ற மருமக ஃப்ரிட்ஜுப் படிப்புத்தான் படிக்குதுங்க, பெரிய படிப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பலனாக, நான் ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் வாசலில் வந்து நிற்பார். "ஏஞ்சாமி, எங்கூட்டு ஃப்ரிட்ஜுல ஐஸே புடிக்க மாட்டேங்குது, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறயா?" ஒருமுறை போய்ப் பார்க்கவும் செய்தேன். கதவு ரப்பர் கிழிந்திருந்தது. மாற்றச் சொன்னேன். அன்றோடு என் புகழ் பக்கத்து ஊர் வரைக்கும் போய்விட்டது.

அந்தப் பேர்போன ஃப்ரிட்ஜைப் பற்றி இங்கேயே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஆய்வகத்தில் நாங்கள் ஃப்ரிட்ஜ் என்று சொல்வது, மேலிருந்து ஆள் உயரத்துக்குத் தொங்கும் ஓர் இயந்திரம். தங்க முலாம் பூசிய தட்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். கீழே போகப் போகக் குளிர் கூடும். கடைசித் தட்டின் குளிர், நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் வெட்டவெளியின் குளிரையும் மிஞ்சியது. அதில் நான் கொண்டுபோய் மாட்டுவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப். சிப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பி. அது குறைகடத்தி. செல்போனுக்குள் இருப்பதும் அந்த இனம்தான். மின்சாரத்தை விடு என்றால் விடும், நிறுத்து என்றால் நிறுத்தும். அந்தக் கம்பியின் மேல் மெல்லிய அலுமினியத் தோல். அலுமினியத்தைப் போதிய அளவு குளிர வைத்தால் அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொண்டு தடையே இல்லாமல் ஓடும். அதுதான் மீகடத்தி. ஆனால் அது நம் பேச்சைக் கேட்காது. பேச்சுக் கேட்கிறதையும் தடையில்லாமல் ஓடுகிறதையும் ஒட்டி வைத்தால், ஒட்டிய இடத்தில் மீகடத்தியின் குணம் குறைகடத்திக்குள்ளும் இறங்கும். இனி வரப்போகும் குவாண்டம் கணினிக்கு இதை வைத்து ஒரு செங்கல்லாவது அறுத்துத் தர முடியுமா என்று உலகம் முழுக்கப் பல பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பல பேரில் கடைசி வரிசையில் நானும் நிற்கிறேன்.

என் கணவருக்கு இதை நான் முதன்முதலாக விளக்கியது திருச்செங்கோட்டுக்குக் காரில் போகும்போது. அவர் ரிக் வைத்திருக்கிறார். லாரியின் மேல் பொருத்திய, ஆழ்துளைக் கிணறு போடுகிற இயந்திரம். எங்கள் பக்கத்தில் போர் வண்டி என்பார்கள். மழைக்காலத்தில் வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து பழுது பார்ப்பார். மற்ற மாதங்களில் வண்டியும் அவரும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்விடுவார்கள். நான் பெங்களூரில். எங்கள் கல்யாணம் பெரும்பாலும் போனில் நடந்துகொண்டிருந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

நான் சொன்னதையெல்லாம் அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்கு எதுக்குச் சாமி இத்தன படிப்பு? சகவாச தோசம்னு ஒரே வார்த்தைல சொல்லிப்போடலாமில்ல?" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புத்தகத் தமிழில் இதற்கு அண்மை விளைவு என்று பெயர். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அது சகவாச தோஷம்தான். என் நெறியாளரிடமும் சொன்னேன். அவர் கன்னடக்காரர், அவர்கள் மொழியிலும் அதே வார்த்தை இருப்பதால் உடனே புரிந்து அவரும் சிரித்தார்.

"ஒரே ஒரு நிபந்தனை இருக்கு" என்றேன் என் கணவரிடம். "ஒட்டற இடம் சுத்தமா இருக்கணும். நடுவுல துளி அழுக்கு இருந்தாக்கூட அதோட குணம் இதுக்கு வராது."

"நடுவுல ஒறம்பரை, சொந்தபந்தம்னு பூந்தா ஆவாதுங்கற."

பின் சீட்டில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "யாரைச் சொல்ற?" என்றார். திருச்செங்கோடு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நான் ஆத்தூர்க்காரி. எங்கள் பக்கத்துப் பேச்சில் இத்தனை 'ங்க' கிடையாது. என் கணவர் என்னை முதல்முறை "சாமி" என்று கூப்பிட்டபோது, பின்னால் எந்தப் பெரியவர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். கொங்குப் பக்கத்தில் பாசமானவர்கள் எல்லோரும் சாமிதான் என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்த வார்த்தை காதில் விழும்போது எனக்குள் என்னவோ செய்யும். இப்போதும் செய்கிறது.

அந்த வருடம் ஆயுத பூஜை விடுமுறையில், எங்கள் ஆய்வகக் கட்டிடம் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தி ஏதோ கேபிள் மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். அவரவர் சாம்பிளை அவரவர் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. என் கையில் இருந்தது ஒரே ஒரு நல்ல சிப். அந்தக் கம்பிகளை வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த தோழி வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் பயன்படுத்திய உலையை இப்போது வேறு பொருளுக்கு மாற்றிவிட்டார்கள். இது போனால் இன்னொன்று கிடையாது. என் முனைவர் பட்டத்தின் கடைசி அத்தியாயம் முழுக்க அந்த நகத்துண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அதற்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. நான் எடுத்துக்கொண்ட குறைகடத்திக்கும் அலுமினியத்துக்கும் சூடு ஆகாது. பெரிய சூடுகூட வேண்டாம், நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் சூடே போதும். வெளியே கிடந்தால் ஒன்றுக்குள் ஒன்று மெல்லக் கலந்து, ஒட்டிய இடம் கெட்டுப்போகும். முன்பு ஒரு சிப்பை யாரோ வார விடுமுறை முழுக்க மேசைமேல் விட்டுவிட்டு, திங்கள்கிழமை அதற்கு உயிரில்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எப்போதும் தண்ணீர் உறையும் குளிருக்குக் கீழேதான் வைத்திருப்போம். அளக்கும் அன்றுதான் வெளியே எடுப்போம்.

ஆகவே, சிப்பை அதன் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவைக் காற்றுப் புகாத உறையில் போட்டு ஒட்டி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பைகளுக்கு நடுவே வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து சேலத்துக்கு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா, "மீனுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீஸரைத் துடைத்து, ஐஸ் தட்டையும் மாமியார் வைத்திருந்த பட்டாணிப் பொட்டலத்தையும் ஒதுக்கி, டப்பாவை உள்ளே வைத்தேன். என் கணவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அது, இத்தன மரியாத?"

"என் பொழப்பே இதுக்குள்ளதான் இருக்கு" என்றேன். "உங்களுக்கு ரிக் எப்படியோ, எனக்கு இது அப்படி."

அவர் குனிந்து அந்த டப்பாவை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். நான் சொன்ன அந்த வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் வினையாக வந்தது.

பூஜை நாள் காலையில் நானும் அத்தையும் சமையலறையில் கொண்டைக்கடலையும் பொங்கலுமாக மாட்டிக்கொண்டோம். வண்டி நிற்கும் ஷெட்டில் என் கணவரும் வண்டி ஆட்களும் பூஜை வேலையில் இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஆயுத பூஜையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வருடத்தில் வேறு எந்த நாளிலும் குளிக்காத வண்டியெல்லாம் அன்று குளிக்கும். ரிக்குக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, கம்ப்ரசருக்குப் பொட்டு வைத்து, பாறையை உடைக்கிற பிட்டு, சுத்தியல், ஸ்பேனர், குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் ராடு எல்லாவற்றையும் எண்ணெய் போகக் கழுவி வரிசையாக வாழையிலையில் வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டிவிட்டால் பிறகு மறுநாள் காலைவரை அதில் எதையும் தொடக் கூடாது. ஒரு ஸ்குரூ டிரைவரைக்கூட எடுக்க மாட்டார்கள். மறுநாள் எடுத்து முதல் வேலையைத் தொடங்கினால்தான் அந்த வருடம் நன்றாக ஓடும் என்பது கணக்கு. போர் போடுகிறவர்கள் இதில் இன்னும் கெடுபிடி. பூமிக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது யார் கையிலும் இல்லாத விஷயம். அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர்கள் கையில் இருப்பதையாவது ஒழுங்காகச் செய்ய நினைப்பது நியாயம்தானே.

சுண்டல் தட்டோடு நான் ஷெட்டுக்குள் போனபோது தீபாராதனை முடிகிற நேரம். மணியடித்துக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகைக்கு நடுவே ஆயுதங்களின் வரிசையைப் பார்த்தேன். பெரிய பிட்டு, அதற்கடுத்து சுத்தியல், அதற்கடுத்து ராடு. நடுவில், விளக்குக்கு நேர் முன்னால், தனியாக ஒரு சின்ன வாழையிலை நறுக்கு. அதன்மேல் என் டப்பா. உறையின் மேல் வட்டமாகச் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம், தலையில் ஒரு செவந்திப்பூ.

முதலில் எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நான் எத்தனையோ வருடம் படித்திருக்கிறேன், யாரும் என் வேலைக்குப் பொட்டு வைத்ததில்லை. அடுத்த மூச்சில் பயம் வந்தது. டப்பாவைச் சுற்றிக் குத்துவிளக்கு, சாம்பிராணிக் கரண்டி, கற்பூரத் தட்டு. மேலே தகரக் கூரை. புரட்டாசி கடைசியென்று பெயர், வெயில் சித்திரை மாதிரி காய்ந்தது. எத்தனை நேரமாக இங்கே இருக்கிறது? உறை பிரிக்கப்படாமல் இருந்தது, அது மட்டும்தான் நிம்மதி. மறுநாள் காலைவரை இந்த ஷெட்டில் இருந்தால் அவ்வளவுதான், அதன் கதை முடிந்துவிடும்.

என் கணவர் கற்பூரத் தட்டை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தயா? நடுவுல உன்றுதுதான்" என்றார் மெதுவாக.

அந்த முகத்திடம் நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாக்கில் குனிந்து, "ஏங்க, அது சூட்டுல இருந்தா செத்துப்போயிரும்" என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "நாளைக்கு எடுத்தா?"

"நாளைக்கு எடுத்தா எடுக்கவே வேண்டாம்."

அவர் வண்டியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். வெளியூர் கிளம்பும்போது எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லை என்று வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஏற்றுகிற மனிதர் அவர். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நேரே போய்க் குனிந்து டப்பாவை எடுத்தார்.

மணியடித்துக்கொண்டிருந்த ரிக் டிரைவர் கையை நிறுத்திவிட்டார். என் கணவரைவிட வயதில் மூத்தவர், மாமனார் காலத்திலிருந்தே வண்டியில் இருப்பவர். "ஏனுங் தம்பி, என்னுங் இது? பூசைல வெச்சத எடுக்கலாமுங்களா?" என்றார். என் மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "என்ன சாமி பண்ற? நாளைக்கு வண்டி கெளம்போணும்!" என்றார். வண்டி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாமி கும்புட்டாச்சில்லீங்கம்மா. கும்புட்டுட்டு எடுக்கறேன். அதுக்கு மேல சாமி பாத்துக்கட்டும்" என்றார் அவர். குரல் சாதாரணமாக இருந்தது.

டப்பாவை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வேகமாக நடந்தார். நான் பின்னாலேயே ஓடி, "கைச்சூடு படக் கூடாதுங்க" என்றேன். உடனே இரண்டு விரல் நுனியால் பிடித்துக்கொண்டார். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த வெயிலில், செருப்பில்லாமல், உடம்போடு ஒட்டாமல் கையை முன்னால் நீட்டி அதைத் தூக்கிக்கொண்டு போனார். செவந்திப்பூ வழியில் விழுந்தது. நான் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

ஃப்ரீஸரில் வைத்து மூடி நாங்கள் மூச்சு விடுவதற்குள் கரண்ட் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் மட்டும்தான் ஓடும். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃபேனுக்குப் போகிற ஒயரைக் கழற்றி, எங்கெங்கோ இழுத்து, ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்தார். ரிக்கைப் பழுது பார்க்கிற கை, அது ஓடத் தொடங்கிவிட்டது. அந்த மத்தியானம் ஃபேன் இல்லாமல் நாங்கள் எல்லோரும் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். அத்தை என்னோடு பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கமாகவும் இரண்டு வீச்சு வீசினார்.

"எனக்குத் தெரியாதே சாமி" என்றார் என் கணவர், ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "நீதான சொன்ன, எனக்கு ரிக்கு மாதிரி உனக்கு இதுன்னு. அதுக்கு மட்டும் பொட்டு வெக்காம விட்டா நல்லாருக்குமா?"

நான் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கெட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஏனென்றால் பரவாயில்லை என்பது உண்மையில்லை. அந்தக் கையின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பது மட்டும் உண்மை.

மறுநாள் அவர் வண்டியோடு வடக்கே கிளம்பினார். டிரைவர் என் முகத்தைப் பார்க்காமலேயே ஏறி உட்கார்ந்தார். விடுமுறை முடிந்து நானும் தெர்மாகோல் பெட்டியோடு பஸ் ஏறினேன். வாசலில் அத்தை, "அந்த டப்பா நல்லபடியா இருக்கோணும்னு நம்ம மாரியாத்தாளுக்கு மஞ்சத்துணில முடிஞ்சு வெச்சிருக்கறேன், போ" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கட்டிக்கொண்டேன். "அட, இதென்ன" என்று தள்ளிவிட்டார்.

ஆய்வகத்தில் சிப்பை ஃப்ரிட்ஜில் மாட்டி, குளிர்விக்கத் தொடங்கினேன். குளிரும்வரை வேறு வேலை ஓடாது. அது கெட்டிருக்கிறதா இல்லையா என்பதற்குச் சோதனை ஒன்று உண்டு. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போய், எவ்வளவு மின்சாரம் போகிறது என்று வரைபடம் எடுக்க வேண்டும். நடுவில் பூஜ்யத்தைச் சுற்றி ஒரு பள்ளம் விழும். ஒட்டிய இடம் சுத்தமாக இருந்தால் பள்ளத்தின் அடி தட்டையாக, காலியாக இருக்கும். அங்கே எதுவும் கசியாது. ஒட்டு கெட்டிருந்தால் அந்தப் பள்ளம் அரைகுறையாக, கலங்கலாக விழும். நான் அதுவரை எத்தனையோ கலங்கல் பள்ளங்களைப் பார்த்து அலுத்திருந்தேன்.

திரையில் கோடு இடப்பக்கத்திலிருந்து வந்தது. இறங்கியது. அடியைத் தொட்டது. தொட்டபடியே தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டேயிருந்தது. மறுபக்கம் ஏறியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். மறுபடி அளந்தேன். அதே கோடு. பம்புகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த அந்த அறையில், யாருமில்லை என்ற தைரியத்தில், வாய்விட்டு "சாமி" என்றேன். எந்தச் சாமியைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே ஓடிவந்து அவருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம்.

"நல்லாருக்குங்க!" என்று கத்தினேன். "உயிரோட இருக்கு! இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் நல்ல பள்ளம்!"

கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினார். பிறகு, "சந்தோசஞ் சாமி. எனக்கு அது போதும்" என்றார். குரல் கரகரவென்று இருந்தது.

"அங்க? முதல் போர் இன்னிக்குத்தானே? தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. நீ போய் வேலையப் பாரு. வெக்கறேன்."

அன்று நான் ஆய்வகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் நடந்தது, அவருக்கும் நடந்தது என்று இரட்டைச் சந்தோஷம்.

தீபாவளிக்கு வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு அவரும் டிரைவரும் ரயிலில் ஊருக்கு வந்தார்கள். நானும் வந்திருந்தேன். சிப்பின் வேலை முடிந்துவிட்டது. கடைசிச் சோதனையில் நானே அதற்கு அளவுக்கு மீறி மின்சாரம் கொடுத்துவிட்டதில் கம்பி கருகிப்போனது. ஆனால் வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொள்ளட்டுமா என்று நெறியாளரிடம் கேட்டேன். சந்தனப் பொட்டுக் கதை தெரிந்தவர் என்பதால் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அவர்கள் திரும்பப் போகிற காலையில் டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் உள்ளே பை கட்டிக்கொண்டிருந்தார். நான் முறுக்கும் காப்பியும் கொடுத்தேன். பூஜையன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர் இப்போது நன்றாகவே பேசினார். "உங்க டப்பா நல்லாருந்துச்சாமுங்க?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணா. உங்களுக்கும் முதல் போர்லயே தண்ணின்னு சொன்னாரு."

அவர் முறுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மொதப் போருலயா? வெறும் புகைதானுங்க, பாறைத்தூளுதான் பறந்துச்சு. எத்தன ராடு எறக்கியும் ஒரு சொட்டு ஈரமில்ல. தலையெல்லாம் வெள்ளையாயி ஆளு தெரியாம நின்னோம். பூசைல கை வெச்சதுதானுங்கன்னு நாங்கூடச் சொன்னனுங்க. தம்பிக்கு வந்துச்சே கோவம்! 'என்ற ஊட்டுல எவனாச்சும் இத ஒரு வார்த்த சொன்னீங்க, வண்டிய உட்டு எறக்கிப்போடுவேன்'னுட்டாருங்க." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனா அடுத்த போருல கொட்டோ கொட்டுனு கொட்டுச்சுங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு முறுக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

சேலம் ஜங்ஷனுக்குப் போகக் கார் வந்து நின்றது. என் கணவர் பையைத் தூக்கி டிக்கியில் வைத்தார். நான் டப்பாவைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். உறையின் மேல் சந்தனம் காய்ந்து உதிர்ந்து, குங்குமம் மட்டும் மங்கலாக ஒட்டியிருந்தது.

அவர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐஸ்ல வெக்காம எதுக்கு வெளியே எடுத்த?"

"இனி வேண்டாம். அது வேலைய முடிச்சிருச்சு. இனி அதுக்குச் சூடு பட்டாலும் ஒண்ணுமில்ல."

அப்போதும் இரண்டு விரல் நுனியில்தான் வாங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக உள்ளங்கையில் வைத்து மூடினார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வண்டில சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சுக்கறேன்" என்றார்.

காரில் ஏறி உட்கார்ந்தவரிடம், ஜன்னலில் குனிந்து கேட்டேன். "ஏங்க, அன்னிக்குப் போன்ல தண்ணி வந்துச்சுன்னு சொன்னீங்களே?"

அவர் திரும்பி, பக்கத்தில் ஏறியிருந்த ரிக் டிரைவரை ஒரு முறை முறைத்தார். டிரைவர் தெருவில் போகும் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சே" என்றார் என் கணவர். "அத்தன புகைல நின்னா கண்ணுல தண்ணி வராதா?" பிறகு என் கன்னத்தில் தட்டி, "வாரேன் சாமி" என்றார்.

கார் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை, புழுதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அத்தை காலையிலேயே வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்.